முறுகலுக்கு எத்தனை நிமிஷம்?

ஓட்டல்களுக்கு பில்லிங் மென்பொருளும், அதோடு கிச்சனில் மாட்டும் திரையும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் கோயம்புத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான். மெனு முழுவதையும் ஏற்றி, விலை போட்டு, வரி போட்டு, எந்தப் பண்டம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று பிரித்துவிட்ட பிறகும் ஒரு வரிசைக் கட்டங்கள் மட்டும் காலியாகவே கிடக்கும். மாடிஃபையர்களுக்கு எதிரே இருக்கும் 'தயாரிப்பு நேரம்'. முதலாளியிடம் கேட்டால், "எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு நிமிஷம்னு போட்டுருங்க தம்பி" என்பார். சிலர் அதையும் சொல்ல மாட்டார்கள். "அது கெடக்குது உடுங்க, தோசைக்குத்தான் நேரம் போட்டாச்சுல்ல" என்று கல்லாவுக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கட்டத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். ஒரு கிச்சனில் யார் தாமதம் செய்தார்கள் என்று கடைசியில் தீர்ப்புச் சொல்வது அந்த எண்தான். அதனால் அதைக் கல்லாவில் உட்கார்ந்து போடக்கூடாது, அடுப்புப் பக்கம் நின்று பார்த்துத்தான் போட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தோசை ஒரு பண்டம். 'முறுகலா', 'நெய் ஊத்தி', 'பொடி தூக்கலா', 'வெங்காயம் இல்லாம', 'பார்சல்' இவையெல்லாம் அந்தப் பண்டத்தின் மேல் வாடிக்கையாளர் சொல்லும் மாற்றங்கள். மென்பொருளில் இவற்றுக்குப் பெயர் மாடிஃபையர். சப்ளையர் கையில் இருக்கும் டேப்லெட்டில் தோசையைத் தொட்டதும் இந்தப் பட்டியல் விரியும். தொட்டது அப்படியே கிச்சன் திரையில் தோசைக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்து நிற்கும்.

அந்த நேரத்தை வைத்து மென்பொருள் என்ன செய்கிறது என்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. ஒரு மேஜையின் ஆர்டரில் எதை முதலில் அடுப்புக்கு அனுப்புவது, எதை நிறுத்தி வைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யும். நேரம் அதிகம் பிடிக்கும் பண்டம் முதலில் போகும், மற்றவை காத்திருந்து பின்னால் போகும், எல்லாம் ஒன்றாக முடிய வேண்டும் என்பது கணக்கு. அடுத்து, திரையில் ஆர்டரின் நிறத்தை மாற்றுவதும் அதே எண்தான். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். மூன்றாவதாக, வீட்டிலிருந்து ஆர்டர் செய்தவருக்கு "இத்தனை நிமிஷத்தில் தயார்" என்று வாக்குக் கொடுக்கவும் அதையே எடுத்துக்கொள்ளும். வேலை மூன்று, எண் ஒன்று. பாதிச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மீதிச் சிக்கல் இந்த மென்பொருள்கள் எந்த அடுப்பைப் பார்த்து வளர்ந்தன என்பதில் இருக்கிறது. கிச்சன் திரை அமெரிக்கத் துரித உணவுக் கடைகளில் வேரூன்றிய சாமான். பர்கர் கிங் 1974-ல், உங்களுக்கு வேண்டியபடி சொல்லுங்கள், செய்து தருகிறோம் என்று பெரிய விளம்பரம் செய்தது. ஊறுகாய் வேண்டாம், லெட்டூஸ் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அப்போது புதுமை. முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்து விற்றுவந்த மெக்டொனால்ட்ஸும் 1990களின் கடைசியில் 'மேட் ஃபார் யூ' என்ற முறைக்கு மாறி, ஆர்டர் வந்த பிறகு பர்கரைச் சேர்க்கத் தொடங்கியது. கிச்சனில் திரைகள் அதோடு வந்தன. அந்த கிச்சனில் வாடிக்கையாளர் சொல்லும் மாற்றம் பெரும்பாலும் அடுப்பைத் தொடுவதில்லை. பன்னைத் திறந்து வைத்திருக்கும் மேஜையில் ஒன்றைக் கூட்டுவார்கள், ஒன்றை விடுவார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து விநாடி, இருபது விநாடி என்று கூட்டிக்கொண்டே போனால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

நம் ஊர் டிபன் கடையில் மாற்றம் நேராக நெருப்புக்குள் போகிறது. 'முறுகலா' என்பது தட்டில் வைக்கும் சமாசாரம் இல்லை. மாவை மெல்லிசாக இழுக்க வேண்டும், மேலே நிற்கும் மாவை வழித்து எடுக்க வேண்டும், சூட்டைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும், ஓரத்தில் நெய்யோ எண்ணெயோ சுற்றி விட வேண்டும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் நடுவில் கருகி ஓரம் வெளுத்துப் போகும். காத்திருப்புதான் முறுகல். அந்தக் காத்திருப்பு நேரம் முழுக்க அந்தத் தோசை கல்லில் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

அந்த இடம்தான் விஷயம். காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் இந்த நேரங்களைப் போடுவதற்காகத் தோசை மாஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். நாற்பது வருஷம் கல்லோடு இருந்தவர். 'முறுகலுக்கு எவ்வளவு நேரம் மாஸ்டர்' என்றேன். கை நிற்காமல் பதில் சொன்னார்: "நேரம் என் கையில இல்லீங்க தம்பி. கல்லுல எடம் இருந்தா மூணு நிமிஷம். எடம் இல்லீன்னா இன்னொருத்தர் தோசை நிக்கும். அதையும் நீங்க எழுதிக்கோணும்."

அதை அந்தக் கட்டத்தில் எழுத இடமே இல்லை. அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லில் ஒரே சமயத்தில் 6 தோசை ஊற்ற முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா தோசை 2 நிமிஷத்தில் எழுந்துவிடும் என்றால் நிமிஷத்துக்கு 3, மணிக்கு 180. எல்லாரும் முறுகலே கேட்டு, ஒவ்வொன்றும் 3 நிமிஷம் கிடந்தால் நிமிஷத்துக்கு 2, மணிக்கு 120. ஒரு நிமிஷம்தான் கூடியது, மூன்றில் ஒரு பங்கு தோசை போய்விட்டது. கல் துடைப்பது, தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பது, மாவுப் பாத்திரம் மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு எண்ணும் இன்னும் இறங்கும்.

ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, அவர்கள் வரும் வேகத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொருந்துவதுபோல் தோசைக்கல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது. நிமிஷத்துக்கு 2 ஆர்டர் வருகிறது, ஒவ்வொன்றும் 2 நிமிஷம் கல்லில் இருக்கிறது என்றால் சராசரியாக 4 இடம் நிறைந்திருக்கும், 2 இடம் மூச்சு விடும். அதே கூட்டம் முறுகல் கேட்டு 3 நிமிஷம் ஆனால் 6 இடமும் நிறைந்துவிடும். நிறைந்த கல்லில் ஒரே ஒரு ஆர்டர் கூடுதலாக வந்தாலும் வரிசை நீளும், நீண்டது சுருங்காது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மேல் எந்த டிபன் கடைக்குப் போனாலும் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆகவே 'முறுகலா' என்ற மாடிஃபையருக்கு எதிரே 1 நிமிஷம் என்று போடும்போது அது அந்தத் தோசைக்கு மட்டும்தான் உண்மை. பின்னால் நிற்கும் தோசைகளுக்கு அது சொல்லும் சேதியை மென்பொருளுக்கு வேறு வழியில் சொல்லியாக வேண்டும். சில மென்பொருள்களில் ஒரு அடுப்பில் ஒரே நேரத்தில் எத்தனை பண்டம் நடக்கலாம் என்று வரம்பு போடும் வசதி இருக்கிறது. இருந்தால் கட்டாயம் போடுங்கள். மாடிஃபையர் நேரத்தைவிட அது முக்கியம் என்பேன். இல்லாத இடத்தில் நான் செய்வது, முறுகலை மாடிஃபையர் பட்டியலிலிருந்தே தூக்கி, 'ரோஸ்ட்' என்று தனிப் பண்டமாக வைத்துவிடுவது. தனி விலை, தனி நேரம், மாஸ்டர் கண்ணிலும் தனி வரியாக விழும். சின்ன எழுத்தில் வருவதை அவசரத்தில் யார் படிப்பார்கள்?

இதையே ஒரு வழிமுறையாக வைத்திருக்கிறேன். நம் ஊர் மென்பொருள்களில் 'வேரியேஷன்' என்றும் 'ஆட்-ஆன்' என்றும் இரண்டு பெட்டிகள் இருக்கும். சமைக்கும் விதத்தையே மாற்றுவது எதுவோ அது முதல் பெட்டிக்குப் போக வேண்டும், தனக்கென்று முழு நேரத்தோடு. சமைப்பதை மாற்றாமல் மேலே தூவுவது, பக்கத்தில் வைப்பது எதுவோ அது இரண்டாவது பெட்டிக்கு. ரவா தோசையைப் பாருங்கள். தண்ணியான மாவை வெளியிலிருந்து உள்நோக்கி வீசி ஊற்ற வேண்டும், ரவை அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கி எடுக்க வேண்டும், ஓட்டை ஓட்டையாக நின்று நிதானமாக வேக வேண்டும். சாதா தோசை நேரத்தின் மேல் 'ரவா, கூடுதல் இத்தனை நிமிஷம்' என்று யாராவது வைத்தால் அது பொய்க் கணக்கு. முட்டையும் அப்படித்தான். ஆம்லெட், ஆஃப் பாயில், கலக்கி மூன்றும் ஒரே முட்டை. ஆனால் எங்கள் ஊர்க் கலக்கி கல்லில் ஊற்றி, பாதி வெந்த நிலையிலேயே சுருட்டி எடுப்பது. ஆம்லெட் நேரத்தில் பாதிகூட ஆகாது. ஆம்லெட்டுக்குக் கீழே மாடிஃபையராகப் போட்டால் நேரம் குறைய வேண்டும். பல மென்பொருள்கள் கூட்டத்தான் தெரிந்தவை, கழிக்கத் தெரியாதவை.

இரண்டாவது பெட்டிக்குப் போனவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சரியான நேரம் சுழியம். இதைச் சொன்னால் முதலாளிகளுக்கு ஆச்சரியம். பொடி தூவுவது, நெய் விடுவது எல்லாம் தோசை வேகும் நேரத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. மாஸ்டர் கை எப்படியும் அந்தப் பக்கம் போகத்தான் போகிறது. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம் போட்டு வைத்தீர்கள் என்றால், நெய், பொடி, வெங்காயம் மூன்றும் கேட்டவருடைய தோசைக்கு மென்பொருள் ஒன்றரை நிமிஷம் கூட்டும். ஒன்றாக நடப்பதை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிவிடும். அப்புறம் அதே மேஜைக்குப் போக வேண்டிய பூரியை ஒன்றரை நிமிஷம் நிறுத்தி வைக்கும்.  இங்கே பூரி தாமதமாகப் பிறக்கிறது, தோசை ஆறிப்போய் அதற்காகக் காத்திருக்கிறது. காபியில் 'டிகாக்ஷன் தூக்கலா', 'சர்க்கரை கம்மி', 'வித்தவுட்' எல்லாமே சுழியம்தான்.

'வேண்டாம்' என்று சொல்லும் மாற்றங்கள் தனி ரகம். ஒன்றை விடுவதுதானே, நேரம் குறையத்தானே செய்யும் என்று தோன்றும். ஊத்தப்பத்தில் வெங்காயம் வேண்டாம் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை, தூவாமல் விட்டால் போதும். ஜைன உணவுப் பழக்கம் உள்ள ஒருவர் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது என்று கேட்டால் அது முழுக்க வேறு ஆர்டர். கல்லைச் சுரண்டித் துடைக்க வேண்டும், திருப்பியை மாற்ற வேண்டும். சாம்பாரில் வெங்காயம் ஏற்கெனவே கலந்தாகிவிட்டது, மசாலாவில் கிழங்கு. சரக்கு மாஸ்டர் காலையிலேயே தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்தால்தான் அதைத் தர முடியும். இல்லை என்றால் எத்தனை நிமிஷம் போட்டாலும் வராது. அப்படிப்பட்ட மாடிஃபையருக்கு நேரம் போடுவதற்கு முன், அந்த நேரத்தில் அது கிடைக்குமா என்று திறக்கவும் மூடவும் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது, சட்னியில் கடலை சேர்த்திருக்கிறதா என்று கேட்பவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். அதற்குப் போடும் நேரத்தைத் தாராளமாகப் போடுங்கள், யாரும் குறைக்கச் சொன்னாலும் குறைக்காதீர்கள். அந்த ஆர்டர் சிவப்பாகி மாஸ்டரை அவசரப்படுத்தக்கூடாது.

பார்சலை நிறையப் பேர் மாடிஃபையராகவே நினைப்பதில்லை, ஆனால் நேரத்தை அதிகம் தின்பது அதுதான். தோசை வேகும் நேரம் மாறாது. சட்னி இரண்டு, சாம்பார் ஒன்று அடைத்து, மூடி, பையில் போட்டு, பில் ஒட்டும் வேலை இன்னொரு ஆளிடம், இன்னொரு மேஜையில் நடக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்த பிறகு, பல கடைகளில் கட்டும் விதமே மாறியது. மாறும்போது நேரமும் மாறும். அதனால் பார்சல் நேரத்தைத் தோசைக்கல் திரையில் கூட்டாமல், பார்சல் மேஜைக்கு என்று தனியாகக் கூட்ட வேண்டும். தோசை மாஸ்டர் தன் வேலையை முடித்துத் திரையில் தட்டியதும் அவருடைய கடிகாரம் நின்றுவிட வேண்டும். கட்டும் இடத்துத் தாமதத்தை அவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

முறுகலும் பார்சலும் ஒரே ஆர்டரில் வந்தால்? மூடிய டப்பாவுக்குள் ஆவி அடைத்து, வீட்டுக்குப் போவதற்குள் முறுகல் போய்விடும். கூடுதல் நேரம் எடுத்துக் கல்லில் இடத்தை அடைத்துச் செய்த வேலை வழியிலேயே வீணாகிறது. இந்த ஜோடியை ஆன்லைன் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். கேட்டவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு.

எல்லாம் ஒன்றாக முடிய வேண்டும் என்ற அந்தக் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலைநாட்டு மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு தட்டும் ஒன்றாக வர வேண்டும். நம் டிபன் கடையில் அப்படி யார் காத்திருக்கிறார்கள்? உட்கார்ந்ததும் இட்லி வடை வந்துவிட வேண்டும், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோசை வர வேண்டும், இலையை மடிக்கும் சமயத்துக்குக் காபி. இட்லியும் வடையும் தயாராகவே இருக்கும், எடுத்து வைப்பதுதான் வேலை. ரோஸ்ட்டோடு சேர்ந்து வரட்டும் என்று மென்பொருள் இட்லியை நிறுத்தி வைத்தால், பசியோடு வந்தவர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனவே மேஜை ஆர்டருக்கு அந்த வசதியை அணைத்து வைப்பேன். பார்சலுக்கு மட்டும் இயக்குவேன், அங்கே ஒன்றாக முடிவதுதான் நல்லது. காபிக்கு 'பிறகு' என்று ஒரு மாடிஃபையர். அதற்குத் தயாரிப்பு நேரம் கிடையாது, சப்ளையர் சொல்லும்போது டீ மாஸ்டர் திரைக்குப் போகும்.

இனி அளப்பது. ஏற்கெனவே திரை வைத்திருக்கும் கடைகள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, அதிலிருந்தே நேரம் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஆர்டர் வந்த நேரம், மாஸ்டர் முடிந்தது என்று தட்டிய நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதில் ரோஸ்ட்டுக்குச் சராசரியாக 11 நிமிஷம் என்று வந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ரோஸ்ட் 11 நிமிஷம் வேகாது. அதில் பெரும்பகுதி கல்லில் இடம் கிடைக்கக் காத்திருந்த நேரம். அந்த 11-ஐ அப்படியே கட்டத்தில் எழுதினால், மத்தியானம் மூன்று மணிக்குக் கடை காலியாக இருக்கும்போதும் மென்பொருள் ரோஸ்ட்டுக்கு 11 நிமிஷம் என்றே நம்பும். கூட்ட நேரத்தில் வரிசையையும் அது தன் பங்குக்குத் தனியாக எண்ணினால், ஒரே காத்திருப்பு இரண்டு முறை கணக்கில் ஏறும். கட்டத்துக்குள் போக வேண்டியது மாவு கல்லைத் தொட்ட நொடியிலிருந்து தட்டுக்கு வந்த நொடி வரை மட்டும். அதை ரிப்போர்ட் காட்டாது. செல்போன் கடிகாரத்தோடு கல்லுக்குப் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நின்றால்தான் தெரியும்.

தட்டிய நேரத்தையும் முழுதாக நம்ப முடியாது. கை முழுக்க மாவும் நெய்யும் இருக்கிறவர் ஒவ்வொரு தோசைக்கும் திரையைத் தொடுவாரா? நாலைந்து ஆர்டர் போன பிறகு சேர்த்துத் தட்டுவார். சிவப்பு வந்துவிடும் என்று பயந்த இடங்களில் தோசை கல்லில் இருக்கும்போதே தட்டிவிடுவார்கள். அதனால் சராசரியை எடுக்காமல், அளந்தவற்றை வரிசையாக எழுதி நடுவில் வருவதை எடுத்துக்கொள்வேன். அடுப்புக்கு எதை எப்போது அனுப்புவது என்பதற்கு அந்த நடு எண் சரி. வீட்டில் காத்திருப்பவருக்கு வாக்குக் கொடுக்க அது போதாது, பாதிப் பேருக்கு வாக்குத் தவறிவிடும். அதற்குப் பத்தில் ஒன்பது ஆர்டர் எந்த நேரத்துக்குள் முடிந்ததோ அந்த எண் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் போட வசதியுள்ள மென்பொருளைத் தேடி வாங்குங்கள். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பது என் கருத்து.

டெலிவரி செயலிகள் வந்த பிறகு இந்த எண்ணுக்குக் கடைக்கு வெளியேயும் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடை ஆர்டரை ஏற்கும்போது சொல்லும் நிமிஷத்தை நம்பித்தான் வண்டிக்காரத் தம்பி கிளம்பி வருகிறார். மூன்று மாடிஃபையர் சேர்ந்த ஆர்டருக்கும் வெறும் தோசைக்கும் ஒரே நேரம் சொன்னால், வித்தியாசத்தை அவர் வெயிலில் நின்று கட்டுகிறார். ஸ்விக்கி 2024 அக்டோபரில் 'போல்ட்' என்று 10 நிமிஷச் சேவையைத் தொடங்கியபோது, கிட்டத்தில் இருக்கும் கடைகளையும், தயாரிப்பு நேரம் அதிகம் கேட்காத பண்டங்களையும் தேர்ந்தெடுத்துத்தான் தொடங்கியது. அந்தப் பட்டியலில் சேர விரும்பும் கடைக்காரர் கேட்டால், அந்தப் பண்டங்களுக்கு மாடிஃபையரே வைக்காதீர்கள் என்பேன். பத்து நிமிஷத்துக்குள் 'முறுகலா' என்ற சொல்லுக்கு இடமில்லை.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது சிவப்பு நிறம். குறைத்துப் போட்ட நேரத்தால் கூட்ட நேரம் முழுக்கத் திரை சிவப்பாகவே எரியும். முதல் வாரம் மாஸ்டர் பதறுவார், இரண்டாவது வாரம் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் யார் எத்தனை ஆர்டர் தாமதம் என்று பட்டியல் எடுத்து, அதை வைத்து ஆள்களைத் திட்டும் கடைகள் இருக்கின்றன. ரோஸ்ட்டும் ஊத்தப்பமும் ரவாவும் செய்கிற கல்லில் நிற்பவர் எப்போதும் கடைசியாக வருவார், சூடாக இருக்கும் இட்லியை எடுத்து வைப்பவர் எப்போதும் முதலில் வருவார். கல்லில் நிற்பவரின் சாமர்த்தியமே வெவ்வேறு சூடு கேட்கும் ஆறு தோசையை ஒரே கல்லில் ஓட்டுவதுதான். ஒரு பக்கத்தை மிதமாக வைத்து ரோஸ்ட்டை அங்கே தள்ளி, இன்னொரு பக்கத்தில் சாதா தோசையைச் சரசரவென்று எடுப்பார். அந்தத் திறமை அறிக்கையில் தாமதம் என்ற ஒற்றைச் சொல்லாகப் போவதை ஏற்க முடியாது. அதனால் நேரங்களைப் போட்டு முடித்ததும், மாஸ்டரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே திரையை இயக்குகிறேன். முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே படிப்பேன்.

போட்ட எண்கள் அப்படியே நிற்கவும் நிற்காது. பர்னர் மாற்றினால் மாறும். புதுக் கல் பழகும் வரை மாறும். மாஸ்டர் ஊருக்குப் போய் உதவியாளர் நின்றால் கட்டாயம் மாறும். 'சிறப்புக் குறிப்பு' என்று வாடிக்கையாளர் கைப்பட எழுதும் பெட்டியையும் அவ்வப்போது திறந்து படிக்க வேண்டும். அங்கே எழுதுவதற்கு மென்பொருள் ஒரு நொடிகூடக் கணக்கு வைக்காது. ஒரே வேண்டுகோள் திரும்பத் திரும்ப வந்தால் அதை மாடிஃபையராக்கி, அளந்து, நேரம் போட்டுவிட வேண்டும்.

கொத்து பரோட்டா மட்டும் எனக்கு நீண்ட காலம் பிடிகொடுக்காமல் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பரோட்டா மாஸ்டர் ஒன்றொன்றாகக் கொத்துவதில்லை. நாலு ஆர்டர் சேர்ந்ததும் ஒரே குவியலாகக் கல்லில் போட்டு, வெங்காயம், முட்டை, சால்னா எல்லாம் சேர்த்து ஒரே கொத்து. அதில் ஐந்தாவதாக ஒருவர் 'காரம் கம்மியா' என்று கேட்டால், அது அந்தக் குவியலில் சேர முடியாது. குவியல் இறங்கி, கல்லைச் சுரண்டி, தனியாக இன்னொரு சுற்று ஓட வேண்டும். கூடுவது ஒரு நிமிஷம் இல்லை, ஒரு முழுச் சுற்று. போதாக்குறைக்கு, ஒரே மாதிரி ஆர்டர்களைக் கூட்டி 'கொத்து 4' என்று காட்டும் வசதி, மாடிஃபையர் மாறினால் அவற்றைப் பிரித்துக் காட்டும். 'எலுமிச்சை தனியா' என்று ஒருவர் கேட்டதற்காக அவருடைய கொத்து தனி வரியாகப் போய், மாஸ்டர் அதைத் தனிச் சுற்றாகவே போட்டார்.

கடைசியில் சிங்காநல்லூர்க் கடை ஒன்றில் இப்படி முடித்தோம். எலுமிச்சை, கூடுதல் சால்னா இரண்டும் சப்ளையர் பக்கத்துத் திரைக்கு மட்டும் போகும், கல்லுக்குப் போகாது, நேரம் சுழியம். 'காரம் கம்மி', 'முட்டை இல்லாம' இரண்டும் தனித்தனிப் பண்டங்கள், தங்களுக்கென்று ஒரு முழுச் சுற்றின் நேரத்தோடு. மாஸ்டர் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். முட்டை இல்லாததை எப்போதும் குவியலுக்கு முன்னால், கல் சுத்தமாக இருக்கும்போதே திரையில் மேலே காட்டச் சொன்னார். அந்தக் கடையில் இப்போது அப்படித்தான் வருகிறது.